ஒரு போனைக் குறைக்க ஏழு சாமான்

வாசகர் கேள்வி, 5 ஒக்டோபர் 2024

அலாரத்துக்கு மணிக்கூடு, பாட்டுக்கு ஒரு பெட்டி, படம் எடுக்கக் கமரா, பேச பட்டன் போன் என்று தனித்தனியாக வைத்துக்கொண்டால் ஸ்மார்ட்போன் பழக்கம் குறையும் என்கிறார்கள். எனக்கென்னவோ ஒரு பேயை விரட்ட ஏழு பேயை வீட்டுக்குள் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. திருகோணமலையில் யாராவது செய்து பார்த்தீர்களா?

5 ஒக்டோபர், இரவு

செய்துகொண்டிருக்கிறேன். ஐந்து வாரம் ஆகிறது. பேய்க் கணக்கு சரிதான். ஆனால் இந்த ஏழு பேயும் ஒன்றோடொன்று பேசாது, அது ஒரு வசதி.

உப்புவெளியில் ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். வீட்டோடு ஒரு கொட்டில், பின்னேரம் வகுப்பு. இவர் (என் கணவர்) கட்டாரில். மகன் ஒன்பதாம் தரம். அம்மா என்னோடு இருக்கிறா. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் போனில் இருக்கிறேன் என்று போனே கணக்குக் காட்டியது. இவரோடு பேசுவது அதில் முக்கால் மணி நேரம். மிச்சம் எங்கே போனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஒரு நாள் நேரம் பார்க்கப் போனை எடுத்தேன். கீழே வைக்கும்போது இருபது நிமிடம் போயிருந்தது. பக்கத்தில் இருந்த மகன், “அம்மா, இப்ப எத்தனை மணி?” என்றான். பதில் இல்லை. மறுபடி போனை எடுத்தேன். அடுத்த நாள் சந்தைக்குப் போய் ஒரு மணிக்கூடு வாங்கினேன்.

6 ஒக்டோபர்

என்னென்ன வாங்கினேன் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். முக்கால்வாசி வாங்கவே இல்லை, அலுமாரியில் கிடந்தது. மணிக்கூடும் பட்டன் போனும் புதிது. ரேடியோ அப்பாவுடையது. கமரா 2008இல் கலியாணத்துக்கு வந்த பரிசு. கிண்டில் (புத்தகம் வாசிக்கும் கருவி) அண்ணா கனடாவிலிருந்து வந்தபோது விட்டுவிட்டுப் போனது. எம்.பி.3 பிளேயருக்கு மகன் சொந்தக்காரன். பிறகு ஒரு சீ.ஆர் கொப்பி: கணக்கு, விலாசம், கடைச் சாமான், பிள்ளைகளின் வரவு எல்லாம் அதற்குள். ஏழு.

6 ஒக்டோபர், பத்து நிமிடம் கழித்து

டோர்ச்சை விட்டுவிட்டேன். எட்டு. தலைப்பில் ஏழு என்றே இருக்கட்டும்.

8 ஒக்டோபர்

முள் வைத்த அலாரம் மணிக்கூடு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதற்கு விடியலும் தெரியாது, பின்னேரமும் தெரியாது. ஐந்தில் முள்ளை வைத்தால் இரண்டு ஐந்துக்கும் அடிக்கும். முதல் வாரம் கொட்டிலில் இருபடிச் சமன்பாடு நடந்துகொண்டிருக்கிறது, அறைக்குள்ளிருந்து ட்ரிங் என்று தொடங்கியது. பிள்ளைகள் வகுப்பு முடிந்தது என்று கொப்பியை மூடிவிட்டார்கள். பின்வாங்கில் ஒருவன் சைக்கிளடிக்கே போய்விட்டான். இப்போது விடிய எழும்பியதும் பின்பக்கத்துக் குமிழை அமர்த்திவிடுகிறேன், படுக்கப் போகும்போது இழுத்து விடுகிறேன்.

போன் அலாரத்தில் இருந்த கோளாறு வேறு. அதை நிறுத்தக் கை போகும், போன கை அப்படியே வட்ஸ்அப்பைத் திறக்கும், கண் திறப்பது அதற்குப் பிறகுதான். மணிக்கூட்டை நிறுத்திவிட்டு அதில் பார்க்க ஒன்றும் இல்லை. அலுமாரிக்கு மேலே வைத்திருப்பதால் எழும்பிப் போய்த்தான் நிறுத்தவேண்டும்.

வகுப்புக்கு ஒரு இலாபமும் கிடைத்தது. இந்த மணிக்கூட்டுக்குள் இருக்கும் பளிங்குத் துண்டு விநாடிக்கு 32,768 தடவை அதிரும். ஏன் இந்தப் பொருந்தாத எண் என்று பிள்ளைகளைக் கேட்டேன். இரண்டின் பதினைந்தாம் வலு. பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒன்று வரும், அந்த ஒன்றுதான் முள்ளைத் தள்ளுகிறது. சுட்டிகள் பாடத்தை இவ்வளவு நாள் இது இல்லாமல் எப்படித் தொடங்கினேன் என்று தெரியவில்லை.

11 ஒக்டோபர்

“பட்டன் போனுக்கு மாறினால் வட்ஸ்அப் போய்விடுமே?” போகாது. எல்லாரும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விளக்கமாக.

வட்ஸ்அப்புக்கு சிம் வேண்டியது பதிவு செய்யும் அன்றைக்கு மட்டும், உறுதிப்படுத்தும் எண் வருவதற்காக. அதற்குப் பிறகு சிம்மைக் கழற்றிப் பட்டன் போனில் போட்டாலும், பழைய போன் வீட்டு வைபையில் அதே இலக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும். என் நிலைமை அதுதான். சிம் என்னோடு வெளியே வரும், வட்ஸ்அப் வீட்டில் கிடக்கும். வங்கியின் ஒருமுறைக் குறியீடும் எஸ்.எம்.எஸ்ஸாகப் பட்டன் போனுக்கு வரும், அதைப் பார்த்து மற்றதில் அடிக்கவேண்டும். இரண்டு கையும் இரண்டு போனுமாக நிற்கிற அந்த நேரம் கொஞ்சம் கோமாளித்தனமாகத்தான் இருக்கும்.

சிம்மின் அளவைக் கவனியுங்கள். ஸ்மார்ட்போனில் இருப்பது நனோ, பட்டன் போனின் தட்டு பெரியது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் சட்டம் வேண்டும். கொம்யூனிகேஷன் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். நான் சட்டம் இல்லாமல் போட்டுப் பார்த்தேன். உள்ளே போய் மாட்டிக்கொண்டது. புருவம் பிடுங்கும் இடுக்கியால் முக்கால் மணி நேரம். “அதைக் குடு, முள்ளுக் குத்தினாலே நான் ஊசியால எடுக்கிறனான்” என்று அம்மா வாங்கினா. ஒரு நிமிடம் ஆகவில்லை.

12 ஒக்டோபர்

என்னுடையது 2ஜி போன். இங்கே இப்போதைக்கு எடுக்கிறது. புதிதாக வாங்குகிறவர்கள் 4ஜி பட்டன் போனாகப் பார்த்து வாங்குங்கள், 2ஜியை எந்த நாடும் கடைசிவரை வைத்திருக்கப் போவதில்லை.

19 ஒக்டோபர்

பட்டன் போனில் தமிழில் எஸ்.எம்.எஸ் அனுப்பலாமா என்று கேட்டவருக்கு: அனுப்பலாம், ஆனால் எழுத்துக்கு வரி கட்டவேண்டும்.

ஆங்கில எழுத்தென்றால் ஒரு எஸ்.எம்.எஸ்ஸில் 160 இடம். தமிழ் எழுத்து ஒன்று உள்ளே வந்தாலே 70 ஆகக் குறைந்துவிடும். அந்த எழுபதிலும் எழுத்தோடு ஒட்டுகிற குறிகளுக்குத் தனி இடம்: குற்றுக்கு ஒரு இடம், கொம்புக்கு ஒரு இடம், விசிறிக்கு ஒரு இடம். ‘திருகோணமலை’ கண்ணுக்கு ஆறு எழுத்து, போனுக்குப் பத்து. ஊர்ப் பெயரை எழுதியதும் ஏழில் ஒரு பங்கு முடிந்தது.

முதலில் எரிச்சலாக இருந்தது. பெற்றோருக்கு அனுப்பும் அறிவித்தல்களைக் கொப்பியில் எழுதி, எண்ணி, சுருக்கத் தொடங்கினேன். முன்பு “அன்பான பெற்றோர்களுக்கு, எதிர்வரும் சனிக்கிழமை தவிர்க்க முடியாத காரணத்தினால்” என்று ஒரு பந்தி போகும். இப்போது: “சனி வகுப்பு இல்லை. ஞாயிறு காலை 8.” ஒருவரும் காரணம் கேட்கவில்லை. முன்பு காரணத்தை எழுதியபோது அதைப் பற்றித்தான் இருபது கேள்வி வரும்.

20 ஒக்டோபர்

இல்லை, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினால் 160 கிடைக்கும் என்று எனக்கும் தெரியும். ஒரு பிள்ளையின் அப்பாவுக்கு ‘வகுப்பு நாளை’ என்று அப்படி அனுப்பி, அவர் ‘நாலு’ என்று வாசித்து, நாலு மணிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார். தமிழுக்கே வரி கட்டுகிறேன்.

2 நவம்பர்

கமராதான் இதுவரை படுதோல்வி.

பிள்ளைகளின் விடைத்தாள்களைப் படமெடுத்து வைப்பது வழக்கம். போனில் எடுத்தால் ஐந்து நிமிட வேலை. இந்தக் கமராவுக்கு 64 ஜிபி மெமரி கார்ட் வாங்கிப் போட்டேன். முகத்தில் அடித்தாற்போல ‘கார்டை வாசிக்க முடியாது’ என்றது. பழைய கமராக்கள் 32 ஜிபிக்கு மேலே உள்ள கார்ட்டை ஏற்காது, அதற்கு மேலே இருப்பது வேறு வகைக் கார்ட். கடைக்காரத் தம்பி சிரித்துக்கொண்டே சின்னதாக ஒன்று மாற்றித் தந்தார். அப்புறம் பற்றரியை ஒரு வாரம் கழற்றி வைத்திருந்ததில் திகதி திரும்ப 2008 ஜனவரி முதலாம் திகதிக்குப் போய்விட்டது. கணினியில் ஏற்றினால் இப்போது பத்தாம் தரத்தில் இருக்கும் பிள்ளைகள் பிறக்கும் முன்னமே த்ரிகோணகணிதம் செய்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு நாள் இந்தக் கமரா எனக்குப் பிடித்தது. கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு நடந்து போகும்போது மான் ஒன்று மரத்தடியில் நின்றது. எடுத்தேன். அவ்வளவுதான், அனுப்ப வழியில்லை. யாருக்கு அனுப்புவது, என்ன எழுதுவது என்ற யோசனையே வராமல் மேலே ஏறிவிட்டேன். மானின் தலை பாதி வெட்டுப்பட்டிருந்தது என்று வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது.

2 நவம்பர், இரவு

த்ரிகோணகணிதம் என்று எழுதியிருக்கிறேன். திரிகோணகணிதம். கணக்கு டீச்சருக்கே இது.

10 நவம்பர்

கிண்டில் நல்லதா என்றால், எதை வாசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மதுரைத் திட்டத்தில் இருப்பவை (1998 தைப்பொங்கலிலிருந்து ஏற்றிக்கொண்டு வருகிறார்கள்) எழுத்தாகவே இருப்பதால் பெரிதாக்கி வாசிக்கலாம். நமக்கு வேண்டியவை பெரும்பாலும் நூலகம் தளத்தில் இருக்கின்றன. ஈழத்துப் பழைய புத்தகங்கள், சஞ்சிகைகள், கோயில் மலர்கள் எல்லாம் பக்கம் பக்கமாகப் படம்பிடித்த கோப்புகள். ஆறு அங்குலத் திரையில் அந்தப் பக்கம் தபால் முத்திரை மாதிரி வந்து நிற்கும். பக்கவாட்டில் திருப்பிப் பாதி பாதியாக வாசிக்கலாம், ஒவ்வொரு தடவையும் திரை ஒரு முறை கறுத்து வெளுக்கும். நாலு பக்கத்துக்கு மேல் பொறுமை இல்லை.

எனக்கு வேண்டியதைக் கடையில் அச்செடுத்து நூலால் தைத்துவிட்டேன். மற்றபடி பொது நூலகம் இருக்கிறது. பத்து வருடமாகப் போகாத இடம். அங்கே மின்விசிறிக்குக் கீழே இருக்கும் கதிரைகளைப் பிடிக்க, ஓய்வூதியம் எடுத்த ஐயாமாருக்கு முன்னால் போகவேண்டும். பத்திரிகையும் அவர்கள் விட்ட பிறகுதான் கைக்கு வரும்.

28 நவம்பர்

மழை. எழுத நேரம் கிடைத்தது இன்றைக்குத்தான். எங்கள் ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர், கொட்டிலுக்குள்ளும் வந்துவிட்டது. செவ்வாய் இரவு கரண்ட் போனது, வைபையும் அதோடு போனது.

பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) எழுதுகிறாள். பரீட்சை 25ஆம் திகதி தொடங்கி இரண்டு நாள்தான் ஆகிறது. புதன்கிழமை நடக்குமா, நடக்காதா? அவர்கள் வீட்டில் மூன்று போன், மூன்றிலும் மூன்று விதமாக வந்திருக்கிறது. ஒன்றில் நடக்கும், ஒன்றில் அடுத்த மாதம், ஒன்றில் பரீட்சைத் திணைக்களத்தின் கடிதம் மாதிரியே ஒன்று, திகதி மட்டும் போன வருடத்தியது. அவளின் அம்மா டோர்ச்சோடு மதிலடிக்கு வந்தா. “டீச்சர், உங்கட ரேடியோ ஏதும் சொல்லுதோ?” இருட்டுக்குள் மூன்று வீட்டுச் சனம் எங்கள் விறாந்தையில் நின்று அப்பாவின் ரேடியோவைக் கேட்டோம். புதன் முதல் சில நாட்களுக்குப் பரீட்சை இல்லை. அந்தப் பிள்ளைக்கு அப்போதுதான் பசித்தது.

பட்டன் போன் மூன்று நாள் சார்ஜ் இல்லாமல் தாங்கியது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும் அதிலேயே எடுக்கலாம், கிராம சேவகரின் இலக்கத்தையும் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். பெருமை கொஞ்சம் தலைக்கேறியது, மறைக்கவில்லை.

1 டிசெம்பர்

மூதூரிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறா. தண்ணீர் ஏறும் வேகத்தை அவவின் தம்பி நிமிடத்துக்கொரு தரம் படமெடுத்து அனுப்பியதால்தான் சாமானை நேரத்துக்கு மேலே ஏற்ற முடிந்ததாம். தங்கியிருக்கும் இடத்தையும் போனில் அனுப்பித்தான் படகு வந்ததாம். “உங்கட ரேடியோ என்ர வீட்டு வாசல்ல எவ்வளவு தண்ணி எண்டு சொல்லுமோ?” என்று கேட்கிறா.

சொல்லாது. 28ஆம் திகதி எழுதியதில் நான் ஒரு வீட்டுக் கதையைப் பொது நியாயமாக்கிவிட்டேன். ரேடியோ எல்லாருக்கும் பொதுவான ஒன்றைச் சரியாகச் சொல்லும், நம் வாசலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. மழைக்காலத்தில் இரண்டும் வேண்டும்.

15 டிசெம்பர்

தனித்தனிக் கருவி என்றதும் நாங்கள் ஏதோ புதுமை செய்கிற மாதிரிப் பேசிக்கொண்டிருக்கிறோம். திருக்கடலூரில் என் மாணவி ஒருத்தியின் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். படகில் ஜி.பி.எஸ் கருவி ஒன்று வைத்திருக்கிறார், கை விளிம்பெல்லாம் தேய்ந்து வெளுத்தது. மீன் படும் கடலடிப் பார்கள் எல்லாம் புள்ளி புள்ளியாக அதற்குள். அந்தப் புள்ளிகளைத் தம்பிக்குக்கூடக் காட்டமாட்டாராம்.

போனிலும் அதே வேலை நடக்குமே என்றேன். “ஈரக் கையால திரையைத் தடவிப் பாருங்கோ டீச்சர்.” பொத்தான் வைத்த கருவி உப்புத் தண்ணீருக்கு அசையாது. போன் பொலித்தீன் பைக்குள் இருக்கும், கரைக்குக் கிட்ட வந்து கவரேஜ் கிடைத்ததும் விலை கேட்க. ஒரே ஒரு குறை சொன்னார். பல மாதம் மூடி வைத்துவிட்டுத் திறந்தால் இடத்தைப் பிடிக்கச் சுணங்குமாம். காரணம் இருக்கிறது. வானத்தில் உள்ள செய்மதிகளின் முழு அட்டவணையையும் செய்மதியிடமிருந்தே இறக்கப் பன்னிரண்டரை நிமிடம் வேண்டும். போன் அதை இன்டர்நெட்டில் வாங்கிக்கொள்வதால்தான் சட்டென்று காட்டுகிறது.

அவருக்குப் போன் பழக்கம் பிரச்சினையே இல்லை என்று எழுத வந்தேன். மகள் வேறு மாதிரிச் சொல்கிறாள். கரைக்கு வந்தால் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் டிக்டொக்தானாம்.

16 டிசெம்பர்

அம்மியையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னவருக்கு: சேர்த்தேன், ஒரு நாள் சம்பல் அரைத்தேன், எடுத்துவிட்டேன்.

11 ஜனவரி 2025

புது வருடக் கலண்டர் கடையில் தந்தார்கள். தாள் கிழிக்கிற கலண்டர். அம்மா விடிய ஒரு தாளைக் கிழித்து இராகுகாலம் பார்க்கிறா, பின்பக்கம் வெறுமையாக இருப்பதால் நான் சாமான் பட்டியல் எழுதுகிறேன். இதற்கு ஒரு செயலியை இரண்டு வருடம் வைத்திருந்தேன், ஒவ்வொரு முறையும் விளம்பரம் முடியும்வரை இராகுகாலம் தொடங்காது.

கியூ.ஆர் இருந்தால் ஸ்மார்ட்போன் இல்லாமல் முடியாது என்று இங்கே ஒருவர் அடித்துச் சொல்கிறார். தட்டுப்பாட்டு நேரம் பெற்றோல் பங்கீட்டுக்குத் தந்த கியூ.ஆரை மறந்துவிட்டீர்களா? 2022இல் வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் கடதாசியில் அச்செடுத்து லமினேட் செய்து சாவியில் கொழுவியிருந்தார்கள். மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நாலு லீற்றர். போனில் வைத்திருந்தவர்கள் வரிசை முன்னால் வரும்போது சார்ஜ் முடிந்து கெஞ்சுவார்கள். என் ஸ்கூட்டியின் சாவியில் அந்தக் கடதாசி இப்போதும் தொங்குகிறது, பயன் முடிந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது.

25 ஜனவரி

நாலு மாதத்துக்குப் பிறகு ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். கருவிகள் வந்தும் என் கணக்கு ஐந்து மணியிலிருந்து மூன்றரைக்குத்தான் இறங்கியது. மிச்ச மூன்றரை எங்கே என்று ஒரு வாரம் கொப்பியில் குறித்தேன். இரண்டு மணி நேரம் பெற்றோர் குழுக்கள். ஐந்து குழு, ஒவ்வொன்றிலும் விடிய ‘இனிய காலை வணக்கம்’ பூக்கள், இரவில் ‘டீச்சர், 7ஆம் கணக்கு விளங்கவில்லையாம்’. இதற்கு எந்தக் கடையிலும் தனிக் கருவி விற்கவில்லை.

முதலில் குழுக்களைக் கலைத்துவிட்டு வாசலில் ஒரு கரும்பலகை வைத்தேன். மூன்றாம் நாள் போன் அழைப்புகள் இருபத்தெட்டு. பலகையை ஆடு நக்கியது வேறு கதை. திரும்பக் குழுவைத் திறந்தேன், ஆனால் நிர்வாகி மட்டும் எழுதலாம் என்று அமைப்பை மாற்றினேன். சந்தேகம் இருந்தால் இரவு ஏழிலிருந்து எட்டுக்குள் அழைக்கலாம் என்று எஸ்.எம்.எஸ். ஒரு தாய்க்குக் கோபம், வேறு டீச்சரைப் பார்க்கிறேன் என்றா. பார்த்தா. இரண்டு வாரத்தில் திரும்பி வந்தா.

அந்த ஒரு அமைப்பு செய்த வேலையை ஏழு சாமானும் சேர்ந்து செய்யவில்லை. ஒக்டோபரில் கேள்வி கேட்டவர் இதை வாசித்தால் சிரிப்பார்.

10 பெப்ரவரி

குரங்கு! நேற்று ஞாயிறு, பதினொன்றரை மணியளவில் நாடு முழுக்கக் கரண்ட் போனதே, பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாம். நான் அதை ரேடியோவில்தான் கேட்டேன், மகன் நம்பவே இல்லை. “அம்மா, நீங்க ஸ்டேஷன் மாத்தி நாடகம் கேக்கிறீங்க” என்றான்.

11 பெப்ரவரி

குரங்கின் புண்ணியத்தில் இன்னும் மின்வெட்டு, ஒன்றரை மணி நேரம். அதில் ஒன்று கண்டுபிடித்தேன்.

அப்பாவின் ரேடியோவில் மத்திய அலையை நான் இவ்வளவு நாள் கைவிட்டிருந்தேன். திருப்பினால் கர்ரென்று தேனீக்கூட்டுச் சத்தம். பழசாகிவிட்டது என்று நினைத்தேன். இன்று இருட்டியபிறகு கரண்ட் போனதும் சும்மா திருப்பிப் பார்த்தால், தூத்துக்குடி வானொலி, 1053 கிலோஹேர்ட்ஸ், கண்ணாடி மாதிரி! திருச்சி 936உம் வந்தது. ரேடியோவில் குற்றமே இல்லை. எல்.ஈ.டி பல்பும் போன் சார்ஜரும் போடுகிற இரைச்சல்தான் அது. வீடு முழுக்க, ஒழுங்கை முழுக்க அவை அணைந்ததும் கடல் தாண்டி வந்த குரல் கேட்கிறது. பகலில் இது நடக்காது. வெயில் இருக்கும்வரை மேல்வானத்தின் கீழ்ப் படலம் ஒன்று மத்திய அலையை விழுங்கிக்கொண்டிருக்கும், பொழுது பட்டதும் அது கரைந்து, அலை இன்னும் மேலே போய்த் தெறித்து வரும்.

அப்பாவுக்கு இது எல்லாம் சொல்லாமலே தெரியும். இரவு 9.15க்கு பி.பி.சி தமிழோசை கேட்க வெளியே வேப்பமரத்தடிக்கு ரேடியோவைக் கொண்டுபோவார், நாங்கள் காற்றுக்கு என்று நினைத்தோம். தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நின்றது. அதற்கு முன்னமே அப்பா இல்லை. நிலாவெளிப் பக்கம் ஜெர்மன் வானொலியின் மறு ஒலிபரப்பு நிலையம் இருந்ததே, 2013இல் இலங்கை வானொலியிடம் கைமாறியது, அந்தக் கம்பங்களைப் பஸ்ஸில் போகும்போது காட்டி, “இஞ்சயிருந்து பேசினா ஆசியா முழுக்கக் கேக்கும்” என்பார். எனக்கு அப்போது பஸ் எப்போது நிலாவெளிக்குப் போகும், எப்போது கடலில் இறங்கலாம் என்பதுதான்.

தலைப்பை விட்டு எங்கேயோ போய்விட்டேன். கரண்ட் வந்துவிட்டது. தேனீயும் வந்துவிட்டது.

2 மார்ச்

புதிய ஏற்பாடு, இது செலவில்லாதது. அந்தக் காலத்தில் வீட்டுப் போன் வைக்க என்றே அப்பா செய்வித்த ஒரு சின்ன ஸ்டூல் இருக்கிறது, கீழே டெலிபோன் புத்தகம் வைக்கத் தட்டு. மண்டபத்துச் சுவரோரம் அதைத் திரும்ப வைத்து, ஸ்மார்ட்போனை அதன்மேல் குட்டைச் சார்ஜர் வயரில் கட்டிப்போட்டுவிட்டேன். பாவிக்கலாம், ஆனால் நின்றுகொண்டுதான். அறைக்கோ குசினிக்கோ வராது. ஒரு வாரத்தில் ஒன்றரை மணி நேரம், அதில் முக்கால் மணி நேரம் இவரோடு.

இரவு ஒன்பதரைக்கு இவர் வீடியோவில் வருவார், அங்கே ஏழு மணி. நேற்றுக் கேட்டார்: “ஏன் எப்பவும் சுவரோட நிக்கிறாய்? யாரும் பணிஷ்மென்ட் தந்தவையோ?”

9 மார்ச்

கால் வலிக்கிறது என்று பிளாஸ்டிக் கதிரை ஒன்றைப் பக்கத்தில் போட்டேன். முதல் நாளே ஒன்றேகால் மணி நேரம் யூடியூபில் யாரோ ஒருவர் பலாப்பழம் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதிரையைக் கொட்டிலுக்குக் கொண்டுபோயாயிற்று. ஒன்பதரைக்கு மட்டும் கொண்டுவந்து போடுகிறேன், பேசி முடிந்ததும் அம்மா தானே தூக்கிக்கொண்டு போகிறா.

22 மார்ச்

பிள்ளைகளுக்கு என்ன சொல்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. ஒன்றும் சொல்வதில்லை. ஓ.எல் கணிதத்துக்குக் கல்குலேற்றர் கொண்டுபோக முடியாது, இன்றைக்கும் மடக்கை அட்டவணைதான். வகுப்பில் ஒரு மணி நேரம் அந்தத் தாளில் விரலை ஓட்டுகிறார்கள், வெளியே போய் சைக்கிளில் ஏறும் முன் போனை எடுக்கிறார்கள். என் மகனும் அப்படித்தான். ஸ்டூல் அவனுக்கும் உண்டு என்றேன், “அது உங்கட பிரச்சினை அம்மா, எனக்கில்லை” என்றான். அவன் நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று போனில் பார்த்தேன். என்னுடைய பழைய கணக்கைவிடக் குறைவு. வாயை மூடிக்கொண்டேன்.

18 மே

இவர் லீவில் வந்து போனார். வரும்போது எனக்கென்று புதுப் போன், மூன்று கமரா வைத்தது. நான் எழுதியதையெல்லாம் இவர் வாசிப்பதில்லை என்று இப்போது உறுதியாகத் தெரிகிறது. திருப்பிக் கொடுக்க மனமில்லை. பழையதை எடுத்துவிட்டு அதை ஸ்டூலில் வைத்தோம். சார்ஜர் வாய் வேறு, வயர் இரண்டு மீற்றர். கதிரை இல்லாமலே கட்டிலுக்கு எட்டுகிறது.

நேற்று கடைக்குப் போய் அரை மீற்றர் வயர் கேட்டேன். “அக்கா, எல்லாரும் நீளமானதத்தான் கேக்கிறவை” என்றார் தம்பி. இருந்தது, தூசி தட்டி எடுத்துத் தந்தார்.

7 ஜூன்

கடைசி நிலவரம் கேட்டவர்களுக்கு. மணிக்கூடு, ரேடியோ, கொப்பி, பட்டன் போன், டோர்ச்: பாவனையில். கிண்டில் அம்மாவிடம், எழுத்தைப் பெரிதாக்கித் திருவாசகம் வாசிக்கிறா, என்னிடம் இருந்ததைவிட அங்கே நன்றாக இருக்கிறது. கமரா திரும்ப அலுமாரியில், விடைத்தாளை ஸ்டூலில் வைத்து ஸ்மார்ட்போனிலேயே எடுக்கிறேன்.

எம்.பி.3 பிளேயர் விற்பனைக்கு. 8 ஜிபி, பற்றரி நல்லது, ஒரு பக்க இயர்போன் கேட்காது. உப்புவெளிக்கு வந்து எடுக்கவேண்டும். வட்ஸ்அப்பில் எழுதினால் பார்க்கச் சுணங்கும், ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் அழையுங்கள். கணக்குச் சந்தேகம் கேட்கும் பிள்ளைகளுக்குப் பிறகுதான் உங்கள் முறை.